மண்டையோடு இல்லாத லேபிள்

நீங்கள் கொடுத்த தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல். எனக்குச் சீனி ஆகாது. இருந்தாலும் குடித்துவிட்டேன், கையில் கொடுத்ததை மிச்சம் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் வலது கை ஆள்காட்டி விரல் நகம் கறுத்திருப்பதை நீங்கள் இரண்டு முறை பார்த்தீர்கள். கார்க் கதவில் நசுங்கியது. பார்க்கிற எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். நல்லது. இருபத்திரண்டு வருடமாக மலாயிலும் ஆங்கிலத்திலும் தாள் தாளாக எழுதியிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதினால்தான் கை ஓடும் போலிருக்கிறது.

என் பெயர் விமலா. வயது நாற்பத்தொன்பது. ஈப்போ ஜெலாப்பாங்கில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. வீட்டுக்கூரைகளில் வெயிலுக்கு மின்னுமே, அந்தத் தொட்டிகள்தான். வெல்டிங் வைத்த இடம் கறுத்துப்போகும். அந்தக் கறையை எடுக்க ஒரு திரவம் இருக்கிறது. ஆட்கள் அதை ‘வெல்டிங் தண்ணி’ என்பார்கள். கம்பெனியே அதைக் கலந்து, வெள்ளைப் பிளாஸ்டிக் தோங்கில், அதாவது பீப்பாயில், அடைத்து, தானும் பயன்படுத்துகிறது, சின்னப் பட்டறைகளுக்கும் விற்கிறது. விற்க வேண்டுமானால் அது எந்த வகை ஆபத்து என்று வகைப்படுத்தி, லேபிள் ஒட்டி, பதினாறு பகுதி உள்ள பாதுகாப்புத் தாள் ஒன்றையும் கூடவே கொடுக்க வேண்டும். அது என் வேலை.

எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். எதையும் அதனதன் இடத்தில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவில்கூட லேபிள் உண்டு. என் கணவர் ஜெயபாலன், “நம்ம வீட்டுல எனக்கு மட்டும்தான் இன்னும் லேபிள் ஒட்டல” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆபத்துகளுக்கு மொத்தம் ஒன்பது படங்கள். பதினாறு பகுதியையும் யாரும் படிப்பதில்லை, அதில் எனக்குப் பிரமை எதுவும் கிடையாது. படத்தைத்தான் பார்ப்பார்கள். மண்டையோடு இருந்தால் தள்ளி நிற்பார்கள். ஆச்சரியக்குறி இருந்தால், அதன்மேலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துச் சாப்பிடுவார்கள்.

மண்டையோடு போட எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். இதற்குமுன் தைப்பிங்கில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே ஒரு கரைப்பானை முறையாகக் கணக்குப் போட்டு, முறையாக மண்டையோடு போட்டேன். வாங்குகிறவர்கள் விலகிப்போக, மூன்றே மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அறுபத்திரண்டு பேருக்கு வேலை போயிற்று. அதில் ஒருவர் என் கணவர். கோயிலில் பெண்கள் என் காதுபடவே, “படம் வரைஞ்சே கம்பெனிய மூடுனவ” என்றார்கள். நான் சரியாகச் செய்திருந்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மளிகைக்கடையில் எனக்கு முன்னால் நின்றவள் என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டுப் போனாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

ஜெயபாலன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலையில் குளித்து, வேலைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, அணைத்துவைத்த டிவியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. எனக்கும் வேலை கிடைக்கவில்லை. கம்பெனியை மூடுகிற பொம்பளையை எவன் வேலைக்கு வைப்பான்? ஒருநாள் அவர் கூரை விட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டடை அடிக்கத்தான் பார்த்தேன் என்றார். எங்கள் வீட்டில் ஒட்டடை கிடையாது. அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. நான் செய்ததற்கெல்லாம் அந்தப் பயம்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளலாம், அல்லது எழுதாமல் விடலாம். உங்கள் விருப்பம்.

பிறகு ஜெலாப்பாங்கில் இந்தக் கம்பெனி முதலாளி, தவுக்கே லோ, என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். தைப்பிங் கதை தெரிந்தே எடுத்தார். கணவருக்கும் ஸ்டோர் கீப்பர் வேலை கொடுத்தார். நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தோம். ஆள் வேண்டும் என்றபோது என் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஏழு பேரை நானே கொண்டுவந்து சேர்த்தேன். செமோருக்கு உள்ளே இருந்த தோட்டம் அது. இப்போது அந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. அந்த ஏழு பேரில் மூத்தவர் பத்துமலை. ஐம்பத்தெட்டு வயது. என்னைத் ‘தங்கச்சி’ என்பார், சொந்தம் கிடையாது, ஒரே லயத்தில் நான்கு வீடு தள்ளி இருந்தவர். காலையில் நான் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன். அதற்கு ‘விமலா பெரட்டு’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். தோட்டத்தில் விடியற்காலை ஆள் எடுக்கும் பெரட்டில் தூங்கி வழிந்த மாதிரியே என் பெரட்டிலும் நின்றுகொண்டு தூங்குவார்.

பத்துமலையின் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அவர் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். மரத்துப் பாலை உறைய வைக்க ஆசிட் கலந்த தண்ணீர் ஊற்றுவார்கள். கலவை சரியா என்று பார்க்க, கணக்கெழுதும் கிராணியிடம் கண்ணாடிக் குழாய் இருந்தது. ஸ்டோர் ஆட்கள் அதை நம்பியதே இல்லை. விரலை விட்டுப் பார்ப்பார்கள். சுட்டால் காட்டம், இன்னும் தண்ணீர் ஊற்று. சுடவில்லையா, சும்மா தண்ணி. அந்த ஆசிட்டுக்கு அது பொருந்தியது. தொட்டவுடன் அது தன் குணத்தைக் காட்டிவிடும். என் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார். நானும் சின்ன வயதில் விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய பரிசோதனை உலகத்தில் இல்லை.

இனி வேலை விஷயம். போன பிப்ரவரியில் தவுக்கே வெல்டிங் தண்ணிக்கான மூலப்பொருளை மாற்றினார். புதியது வேகமாகக் கறை எடுத்தது. அதில் இருந்த ஆசிட் வேறு, நூற்றுக்குப் பதினெட்டு பங்கு. அதன் குணம் என்ன என்பதைத் தொழிற்பாதுகாப்பு இலாகாவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் மொழிபெயர்ப்பவருக்காகச் சொல்கிறேன். அது தொட்டவுடன் சுடாது. தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தோலுக்குள் இறங்கி, சில மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து வலிக்கும். அதற்குள் உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் இதயம் அடிக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கணக்குப் போட்டேன். மண்டையோடு வந்தது. விழுங்கினாலும், தோலில் பட்டாலும், மூச்சில் போனாலும் மண்டையோடு. மூன்று முறை போட்டேன். கணக்கு மாறவில்லை.

தவுக்கேயிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொட்டகைக்குப் பின்பக்கம் வீடுகள் இருப்பதால் மண்டையோடு வகைப் பொருளை அங்கே வைக்க முடியாது, எல்லாவற்றையும் ஜொகூருக்கு மாற்ற வேண்டியதுதான், வருகிறவர்கள் வரலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாற்றி எழுது என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர்மீது பழி போட நான் இங்கே வரவில்லை.

நான் என் மேசைக்குத் திரும்பினேன். சன்னல் வழியாகப் பார்த்தால் ஸ்டோர் தெரியும். ஜெயபாலன் தோங்குகளை எண்ணிக்கொண்டு ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் பாட்டு வந்திருந்தது. பதினெட்டை அழித்துவிட்டு, ஒன்றுக்கும் குறைவு என்று எழுதினேன். ஒன்றுக்கும் குறைவு என்றால் ஆச்சரியக்குறி போதும். எரிச்சலூட்டக்கூடியது, தண்ணீரால் கழுவவும். முதலுதவி பற்றிய நான்காவது பகுதியிலிருந்து மூன்று வரிகளை எடுத்துவிட்டேன். எண் மாறிய பிறகு அந்த வரிகள் அங்கே இருப்பது பொருந்தவில்லை. ஒரு தாளில் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு முரண்படக் கூடாது. அதில் நான் கண்டிப்பானவள்.

லேபிள் ஒட்டுவது ஜெயபாலனின் வேலை. லேபிள்களை வாங்கிப் பார்த்தார்.

“மண்டையோடு இல்லியே?” என்றார்.

“இல்ல.”

அதற்குமேல் கேட்கவில்லை. எங்களுக்குள் எப்போதும் நல்ல ஒற்றுமை உண்டு.

இரண்டு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு சுரேன் என்ற வெல்டர் ஒரு வேலை செய்தான். தன் மோட்டார் சைக்கிளின் எக்ஸோஸ் குழாயைப் பளபளப்பாக்க, ஊறுகாய்ப் போத்தலில் கொஞ்சம் வெல்டிங் தண்ணியைப் பிடித்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை வந்து பார்த்தால் போத்தல் குளியலறைச் சன்னல் கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் பெரட்டுக்கு வந்தான்.

“அக்கா, இது கண்ணாடியையே தின்னுது. நம்ம கைய விட்டுருமா?”

ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்ற மற்றவர்களும்தான். அன்றைக்கு யாரும் தோங்கைத் தொடப்போவதில்லை என்பது தெரிந்தது. தவுக்கே அலுவலக வாசலில் நின்று என்னைப் பார்த்தார். என்ன சொன்னாலும் இவர்கள் நம்பப்போவதில்லை. தாளைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஆட்கள் எதை நம்புவார்கள் என்பது அந்தக் கம்பெனியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் வெல்டிங் தண்ணியை எடுத்து வரச் சொன்னேன். எல்லாரும் பார்க்க, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்தேன்.

சுடவில்லை. சுடாது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் சிரித்தவர் பத்துமலை. “தங்கச்சியே விட்டுருச்சு, அப்பறம் என்ன லா,” என்று அவரும் விரலை விட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், அந்தக் காலத்துப் பால் ஸ்டோரில் நின்ற மாதிரியே. “சும்மா தண்ணி,” என்றார். கூட்டம் கலைந்தது. அவரைக் குழாயடிக்கு அனுப்பி, கையை நன்றாகக் கழுவ வைத்தேன். நான் கவலைப்படாதவள் இல்லை. பிறகு நானும் கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

அன்று முதல் யாரும் கேள்வி கேட்கவில்லை. நீளக் கையுறை பாதிப் பேர் போடவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். “நீயே வெறும் விரலதான விட்ட,” என்றார்கள்.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை எட்டேகாலுக்கு ஒரு தோங்கிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் கழன்று, பத்துமலையின் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்தது. காலில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸுக்குள்ளும் இறங்கியது. அவர் என்ன செய்தார் என்று சுரேனைக் கேட்டால் சொல்லுவான். கால்சட்டையில் வடிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. பூட்ஸின் வெளிப்பக்கத்தை ஹோஸால் அலசிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளையில் நான் அவரைப் பார்த்தேன். சுரேனுக்கு இது தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. குழாயடியில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

“என்னண்ணே, மழையில நனஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“ஒன் வெல்டிங் தண்ணிதான் தங்கச்சி. குளிச்சுட்டேன்.”

“மாத்திக்கலாமில்ல?”

“மாத்த எங்க துணி இருக்கு? காஞ்சிரும் லா.”

பூட்ஸைப் பார்த்தேன். நடக்கும்போது உள்ளே சளக் சளக்கென்று சத்தம் வந்தது. கழற்றச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எதற்கு இவ்வளவு பதட்டம் என்று கேட்பார். கேட்டால் ஏழு பேருக்கும் தெரியும். சரிண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தீயணைப்புப் பயிற்சிக்கான பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தேன். அதில் அவர் பெயரும் இருந்தது.

பன்னிரண்டரைக்கு அவர் பூட்ஸைக் கழற்ற முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தி பட்டால்கூட ‘ஸ்’ என்று சொல்லாத மனிதர், அழுதார். முதலில் கிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. சுரேன்தான் கூடப் போனான். அவர் மனைவி முத்தம்மாவுக்குத் தகவல் சொன்னது நான். பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

இரண்டு நாற்பதுக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. டாக்டர் ஆஃப்ஷீன் என்று சொன்னார். தமிழில் பேசினார், இளம் குரல்.

“மேடம், நீங்க குடுத்துவிட்ட தாள்ல வெறும் எரிச்சல்னு போட்டிருக்கு. இவரு கால் வெள்ளையா போயிருச்சு, ஹார்ட் தாறுமாறா அடிக்குது. இந்தத் தாளும் இவரும் பொருந்தல. வேற ஏதாச்சும் கலந்திருக்கா?”

“தாளில உள்ளதுதான் டாக்டர்.”

“நல்லா பாத்து சொல்லுங்க. நாலாவது பகுதியில வேற ஒன்னும் இல்லியா?”

“அவ்வளவுதான்,” என்றேன்.

அது உண்மை. தாளில் அவ்வளவுதான் இருந்தது.

நான்காவது பகுதியிலிருந்து நான் எடுத்த மூன்று வரிகள் என்னவென்று இப்போது எழுதுகிறேன். இந்த ஆசிட்டுக்கு ஒரு மருந்து இருக்கிறது. கால்சியம் சேர்ந்த களிம்பு. தோலில் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். மருத்துவரிடம் ஆசிட்டின் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் ஊசி வழியாகவும் கால்சியம் ஏற்றுவார். அவை ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய மூன்று வரிகள். எண்ணை மாற்றினாலும் அவற்றை விட்டுவைத்தால், படிக்கிற எந்த மருத்துவருக்கும் உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிடும். அதனால்தான் எடுத்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தேன். களிம்புக் குழாய் உள்ளே இருந்தது. மார்ச்சில் ஆன்லைனில் வரவழைத்தது. விரலைக் கோப்பையில் விடுவதற்கு ஆறு நாளுக்கு முன். சுரேனின் போத்தல் மங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் என்றைக்காவது ஒருநாள் அவர்கள் கேட்பார்கள், அன்றைக்கு நான் விரலை விட வேண்டியிருக்கும் என்று தெரியும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். கழிவறையில் கையைக் கழுவிய பிறகு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். பத்துமலை அண்ணனின் விரலுக்கும் கொடுத்திருக்கலாம். ஒரு குழாய்தான் வாங்கியிருந்தேன்.

குழாயில் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், நான் போகத்தான் கிளம்பினேன். ஜெலாப்பாங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். சாவியைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகா, அந்தப் பெண்ணே கண்டுபிடித்துவிட வேண்டும், நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வாய்விட்டு வேண்டினேன். நான் போய்க் குழாயை நீட்டினால், இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்பார். கம்பெனியை மூடுவார்கள். ஜெயபாலன் மறுபடியும் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்காருவார். விட்டத்தைப் பார்ப்பார். எதிரே ஸ்டோரில் அவர் எனக்குக் கையசைத்தார், சீக்கிரமா கிளம்புறியா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என்ஜினை அணைத்தேன்.

நான்கு பத்துக்கு முத்தம்மா கூப்பிட்டார்.

“விமலா, அவரு ஒடம்பெல்லாம் இழுக்குதுமா. நீ படிச்சவ, இங்க டாக்டருகிட்ட ஏதாச்சும் சொல்லுமா.”

“பயப்படாதீங்கக்கா. அது சும்மா தண்ணி மாதிரிதான்.”

ஐந்தரைக்கு அவர் இறந்தார்.

பத்துமலையைக் கொன்றது நான்தான். எண்ணை மாற்றியது ஒன்று, விரலை விட்டது இரண்டு, பூட்ஸைக் கழற்றச் சொல்லாதது மூன்று, தொலைபேசியில் அவ்வளவுதான் என்றது நான்கு, என்ஜினை அணைத்தது ஐந்து. உங்கள் வசதிக்காக வரிசைப்படுத்தியிருக்கிறேன். எது அதிக ஆபத்தானது என்று வகைப்படுத்தச் சொன்னால் ஐந்தாவதைத்தான் முதலில் வைப்பேன்.

இருதய நோய் என்று பேச்சு அடங்கியது. ஐம்பத்தெட்டு வயது, சிகரெட் பழக்கம், யாரும் ஆச்சரியப்படவில்லை. லேபிள் மாறவில்லை. நான் மாற்றியிருக்கலாம்தான், ஆனால் அவர் இறந்த மறுநாளே மாற்றினால் நன்றாக இருக்காது. கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் முத்தம்மா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, அவர் செய்த வேலையையே கொடு என்றார். பால் ஸ்டோரில் வேலை பார்த்த கை, எனக்கும் பழக்கம்தான் என்றார். நான் தவுக்கேயிடம் பேசி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. புதிய நீளக் கையுறை, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று அவருக்கு முதல் நாள். பெரட்டு முடிந்து நான் அவரைத் தொட்டியடிக்குக் கூட்டிப் போனேன். தோங்கின் மூடியைத் திறந்தார். என் பக்கம் திரும்பாமல் வலது கையுறையைக் கழற்றினார். எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் விரலை உள்ளே விட்டுவிட்டார். உடனே எடுக்கவில்லை. நின்றார்.

“சுடலயே விமலா,” என்றார். “அப்பறம் எப்படி?”

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். இருபத்திரண்டு வருட வேலையில் நான் ஒரு கம்பெனிக்குள் ஓடியது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் தண்ணீரில் வைத்திருந்தேன். அப்படியே அலுவலகத்துக்கு இழுத்துப் போய், இழுப்பறையைத் திறந்து, களிம்பை எடுத்துத் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, அழுதேன் என்று மட்டும் தெரியும். முத்தம்மா தன் விரலைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். பாதி தீர்ந்து, வால் பக்கம் சுருட்டப்பட்டிருந்தது. நான் எதையும் அப்படிச் சுருட்டித்தான் பயன்படுத்துவேன், வீணாகாது.

“இது இந்தத் தண்ணிக்கு மருந்தா?”

“ஆமாக்கா.”

“எப்ப வாங்குன?”

நான் நினைத்திருந்தால் போன வாரம் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராமல் இல்லை. ஆனால் அவர் விரல் என் கையில் இருந்தது.

“மார்ச்சில,” என்றேன்.

அவர் கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. உதட்டை அசைத்து மாதங்களை எண்ணினார். மார்ச்சு, ஏப்ரல், மே, ஜூன். ஜூனில் நிறுத்திவிட்டார். விரலை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, களிம்போடு வெளியே நடந்து போனார். கையுறை என் மேசைமேல் கிடந்தது.

அதனால்தான் இன்று காலை இங்கே வந்தேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை, நானே வந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான எண்ணும் சரியான படமும் உள்ள தாளை இதோடு இணைத்திருக்கிறேன். ஜெயபாலனுக்கு எதுவும் தெரியாது. அவர் மேல் மறுபடியும் வேலையில்லாத பழி வரக்கூடாது. மத்தியானம் யாராவது போய் அவர் கூட இருந்தால் நல்லது. முத்தம்மாவின் விரலை நேற்றே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்களாம். உடனே கழுவி உடனே மருந்து போட்டதால்தான் என்று அந்த டாக்டரே சொன்னாராம். அதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முறையாகக் கையாண்டால் அது ஒருவரையும் எதுவும் செய்யாது என்பதற்கு அதுவே சாட்சி.

என் கையைப் படம் எடுத்தீர்கள் அல்லவா, அதை மட்டும் இதோடு இணைக்க வேண்டாம். அந்த நகம் கார்க் கதவில் நசுங்கியது.